தாதியரின் சோர்வும் நமது மௌனமும்

நோயுற்றோரைத் தொட்டுத் தூக்கி, புண்ணைக் கழுவி, மருந்தூட்டி, உயிர் பிரிவோரின் கையைப் பற்றி நின்று செய்யும் தொண்டினும் மேலான தொண்டு உலகில் வேறில்லை என்று நமது மேடைகளிலே முழங்குவோர் பலர். ஆண்டுதோறும் மே மாதம் 12ஆம் நாள் மலேசியாவிலும், ஆகஸ்டு மாதம் 1ஆம் நாள் சிங்கப்பூரிலும் தாதியர் தினம் கொண்டாடப்படுகின்றது. அந்நாளில் பூச்செண்டு உண்டு, புகழுரை உண்டு, படம் பிடித்தலும் உண்டு. 2020ஆம் ஆண்டு கொரோனா நோய் பரவிய காலத்தில், சிங்கப்பூர் மக்கள் மார்ச்சு 30ஆம் நாள் இரவு தத்தம் வீட்டு முகப்புகளில் நின்று கைதட்டித் தங்கள் நன்றியைத் தெரிவித்தனர். அனைத்தும் நன்றே. ஆனால் நாம் கேட்கிறோம்: கைதட்டல் ஒருத்தி இழந்த உறக்கத்தை மீட்டுத் தருமா? பூச்செண்டு அவளது மூட்டு வலியைத் தீர்க்குமா? இருவர் செய்யவேண்டிய வேலையை ஒருத்தியே செய்யும் கொடுமையைப் புகழுரை மாற்றுமா?

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகத்துத் தாதியருள் நூற்றுக்குத் தொண்ணூற்றின்மர் பெண்கள். ஆகவே தாதித் தொழிலின் துன்பம் என்பது பெரும்பாலும் பெண்ணின் துன்பமே. 20ஆவது வயதை ஒட்டித் தொழிலில் நுழைந்த ஒருத்தி, 25 ஆண்டு அனுபவம் பெற்று, இளந்தாதியருக்கு வழிகாட்டும் தகுதியடையும்போது அவளுக்கு வயது 45 ஆகிவிடுகின்றது. எந்த வயதில் அவள் வார்டின் தூணாக நிற்கின்றாளோ, அதே வயதில்தான் அவளது உடலும் பெரியதொரு மாறுதலுக்கு உள்ளாகின்றது. இவ்வுண்மையை ஆஸ்பத்திரி நிர்வாகமும் பேசுவதில்லை. அவளது குடும்பமும் பேசுவதில்லை. பல சமயங்களில் அவளும் பேசுவதில்லை. பேசாததால் இல்லாமற் போய்விடுமா?

மாதவிடாய் ஓயும் பருவத்தைப் பற்றி மறைக்காமல் எழுதுவோம். பெரும்பாலான பெண்களுக்கு 45 முதல் 55 வயதுக்குள் மாதவிடாய் இயல்பாக நின்றுவிடுகின்றது. 12 மாதங்கள் தொடர்ந்து வாராதிருப்பின் நின்றுவிட்டதென்று வைத்தியர் கொள்வர். ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே, சூலகங்களில் ஊறும் ஈஸ்ட்ரோஜென் என்னும் ஹார்மோன் ஏறியும் இறங்கியும் தடுமாறத் தொடங்கும். அதன் விளைவாக மூளையிலுள்ள வெப்பக் கட்டுப்பாடு நிலைகுலையும். திடீரென்று முகமும் மார்பும் தீப்பட்டாற்போல் எரியும், வியர்வை பெருகும், நெஞ்சு படபடக்கும், இரவில் உடை நனைந்து உறக்கம் கலையும். மூட்டு வலி, மறதி, எரிச்சல், காரணமற்ற கலக்கம் முதலியனவும் வரும். ஆசியப் பெண்களிடையே உடல் எரிச்சலினும் மூட்டு, தசை வலியே மிகுதியாகக் காணப்படுகின்றது. இவையெல்லாம் ஓரிரு மாதங்களில் ஓய்ந்துவிடும் என்று எண்ணுதல் தவறு. அமெரிக்காவில் பல இனப் பெண்களைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அடிக்கடி உடல் எரிச்சலுற்ற பெண்களுக்கு அத்துன்பம் நீடித்த காலத்தின் நடுமதிப்பு 7.4 ஆண்டுகள் எனக் கண்டனர். எல்லாப் பெண்களும் ஒரே அளவில் துன்புறுவதில்லை. சிலர் எளிதாகவே கடந்து செல்கின்றனர். ஆயினும் துன்புறுவோரின் துன்பம் மெய்.

இது நிற்க. பணிச்சோர்வு என்பது யாது? நாள் முழுதும் உழைத்து மாலையில் களைத்து, உறங்கி எழுந்ததும் தீர்ந்துபோகும் களைப்பன்று அது. 1974ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் என்ற உளநூல் அறிஞர், இலவச வைத்தியசாலைகளில் ஊக்கத்தோடு தொண்டு புரிய வந்தவர்கள் சில காலத்தில் உள்ளே எரிந்து கருகிப் போவதைக் கண்டு எழுதினார். 1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற அம்மையாரும் அவரது துணையாசிரியரும் அதனை அளக்கும் முறையொன்றை வகுத்தனர். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் பணிச்சோர்வுக்கு மூன்று அடையாளங்களைக் கூறுகின்றது: சக்தி முழுதும் வற்றிப்போதல், தொழிலின்மீது வெறுப்பும் விலகலும் தோன்றுதல், தன்னால் ஒன்றும் ஆகவில்லை என்ற எண்ணம் மிகுதல். அப்பட்டியல் இதனை ஒரு நோயென்று சொல்லவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். வேலையிடத்தில் நெடுங்காலம் நீடித்து, சரியாகக் கையாளப்படாத நெருக்கடியின் விளைவு என்றே அது சொல்லுகின்றது. அதாவது, குற்றம் தாதியின் நெஞ்சுரத்தில் இல்லை. வேலை அமைந்திருக்கும் முறையில் இருக்கின்றது.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். உறக்கமின்மை அங்கும் உண்டு, இங்கும் உண்டு. மறதி, எரிச்சல், களைப்பு, தன்னம்பிக்கைக் குறைவு ஆகியவையும் அவ்வாறே. ஒரே பெண்ணின் உடலில் இரண்டும் ஒரே காலத்தில் வந்து சேருகின்றன. ஒன்று மற்றொன்றை வளர்க்கின்றது. இந்த ஒற்றுமையே அவளுக்கு எதிரான ஆயுதமாகிவிடுவதை நாம் காண்கிறோம். "வேலை தாங்கவில்லை, ஆள் போதவில்லை" என்று மேலாளரிடம் முறையிட்டால், "உங்கள் வயதுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று விடை வருகின்றது. "உடல் எரிகிறது, உறக்கமில்லை" என்று வைத்தியரிடம் சொன்னால், "வேலை நெருக்கடிதான் காரணம், மனத்தை அமைதியாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று தூக்க மாத்திரை எழுதித் தரப்படுகின்றது. நிர்வாகம் வயதைக் காட்டித் தப்புகின்றது. வைத்தியம் வேலையைக் காட்டித் தப்புகின்றது. இருவர் கைக்கும் எட்டாமல் நடுவே நிற்பவள் தாதி. இரண்டு துன்பங்கள் இருந்தால் இரண்டுக்கும் பரிகாரம் வேண்டும் என்பதன்றோ நியாயம்? ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பது எந்த ஊர் நியாயம்?

வேலைப் பளுவைக் குறித்து வெறும் புலம்பலாகப் பேச வேண்டியதில்லை; கணக்கே பேசுகின்றது. லிண்டா எய்க்கன் என்ற அம்மையாரும் அவர்தம் குழுவினரும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட முடிவு இது: ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடுந்தோறும், அறுவை செய்துகொண்ட நோயாளிகள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 பங்கு கூடுகின்றது, தாதி பணிச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்போ நூற்றுக்கு 23 பங்கு கூடுகின்றது. தாதியை வாட்டும் அதே சுமை நோயாளியையும் வாட்டுகின்றது என்பது இதனால் தெளிவாகும். கலிபோர்னியா மாநிலம் 1999இல் சட்டமியற்றி, 2004 முதல் ஒரு தாதிக்கு இத்தனை நோயாளிகளுக்குமேல் கூடாது என்று வரையறுத்தது. நமது நாட்டில் பேச்சு வேறு திசையில் ஓடிற்று. மலேசிய அரசாங்கத் தாதியரின் வார வேலை நேரத்தை 42 மணியிலிருந்து 45 மணியாக உயர்த்தும் ஏற்பாடு 2024இல் அறிவிக்கப்பட்டது. தாதியர் எதிர்த்துக் குரலெழுப்பிய பின்னர் அது தள்ளிவைக்கப்பட்டது. வாரத்துக்கு 3 மணி அற்பமென்று தோன்றலாம். 52 வாரத்துக்கு அது 156 மணி. அந்த மணிகளை யாருடைய உறக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ள எண்ணினார்கள்?

இரவு வேலையின் கேடும் இத்துடன் சேர்கின்றது. உடலின் கடிகாரத்தைக் குலைக்கும் இரவுப் பணியைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய பொருள்களின் வரிசையில் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2007இல் சேர்த்தது; 2019இல் மீண்டும் ஆராய்ந்து அதனை உறுதிப்படுத்தியது. உலகத் தொழில் நிறுவனமோ 1977ஆம் ஆண்டிலேயே தாதியர்க்கென்று ஒரு பரிந்துரை வகுத்து, ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் இடையே குறைந்தது 12 மணி தொடர்ந்த ஓய்வு வேண்டும் என்று கூறிற்று. மாலை முறை முடித்து இரவு வீடு சேர்ந்து, மறுநாள் காலை 7 மணிக்கு மறுபடியும் வார்டில் நிற்கும் சகோதரிக்கு அந்த 12 மணி எங்கே? அவ்விடைவெளியிலும் உடல் எரிச்சலால் இருமுறை மும்முறை விழித்தெழுபவள், காலையில் ஊசி மருந்தின் அளவைத் தவறாது கணக்கிடவேண்டுமென்று எதிர்பார்க்கிறோம். அவள் தவறினால் விசாரணை. தவற வைத்த அட்டவணைக்கு விசாரணையே இல்லை.

இனி மறுப்புரைகளுக்கு வருவோம். "எங்கள் பாட்டி பால்மரம் வெட்டினாள், பத்துப் பிள்ளை பெற்றாள், தூரம் நின்றபோதும் ஒரு வார்த்தை முறையிட்டதில்லை. இக்காலத்துப் பெண்களுக்கு எல்லாம் நோயாகத் தெரிகிறது" என்பாருமுளர். பாட்டி முறையிடவில்லை என்பதை அவர்கள் எவ்வாறு அறிந்தனர்? கேட்டவர் யார்? எழுதிவைத்தவர் யார்? விடியுமுன் பெரட்டுக்குப் பேர் கொடுக்காவிட்டால் அன்றைய கூலி இல்லை என்ற நிலையில் அவள் வேறென்ன செய்திருப்பாள்? அவளது மௌனம் உடல் நலத்துக்குச் சான்றன்று. அவளுக்கு வேறு வழியின்மைக்கே சான்று. தோட்டத்து மக்கள் ஒன்றை நன்கறிவார்கள். பால்மரத்தையும் நாள்தோறும் வெட்டுவதில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவதே பெருவழக்கு. அளவு கடந்து வெட்டினால் பட்டை வறண்டு பால் நின்றுவிடும். மரத்துக்கு ஓய்வு வேண்டுமென்று துரைமார்களும் ஒப்புக்கொண்டார்கள். ஏனெனில் மரம் அவர்களது முதல். தாதி யாருடைய முதலும் அல்லள் என்பதால்தான் அவளுக்கு ஓய்வு மறுக்கப்படுகின்றதா?

"தாதித் தொழில் தெய்வத் தொண்டு, தொண்டு செய்பவர் மணி பார்க்கலாகாது" என்பது இன்னொரு வாதம். இதனைச் சொல்வோர் பெரும்பாலும் மணி பார்த்து வீடு திரும்புவோரே! பெண்ணை அம்மனென்று கும்பிட்டுவிட்டு அடுப்படியில் தள்ளும் பழைய தந்திரந்தான் இங்கே வெள்ளை உடை பூண்டு வந்திருக்கின்றது. தொண்டு என்ற சொல்லைக் காட்டிச் சம்பளத்தைக் குறைப்பதும் ஓய்வைப் பறிப்பதும் புகழன்று, சுரண்டலே. தாதி பயிற்சி பெற்ற தொழிலாளி, அறிவால் உழைப்பவள். அவளுக்குரியது வணக்கமன்று, உரிமை.

"இப்பருவத்துப் பெண்களுக்குச் சலுகை கேட்டால் முதலாளிமார் அவர்களை வேலைக்கே வைக்கமாட்டார்கள்" என்பது மூன்றாவது வாதம். இதில் ஓரளவு நியாயமான அச்சம் உண்டு. ஆதலின் நிதானமாக விடை கூறுவோம். பிரசவ விடுமுறையைக் கேட்டபோதும் இதே அச்சம் காட்டப்பட்டது. இன்று மலேசியத் தனியார் துறையில் அவ்விடுமுறை 2023 ஜனவரி முதல் 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்திருக்கின்றது; பெண்கள் வேலையை விட்டு மறைந்துவிடவில்லை. ஜப்பான் 1947இலேயே மாதவிடாய்க் காலத்தில் வேலை செய்ய இயலாத பெண் ஓய்வு கேட்கலாம் என்று சட்டத்தில் எழுதிற்று. பிரிட்டனில் சமத்துவ உரிமைக்கான ஆணையம் 2024 பிப்ரவரியில், இப்பருவத்தின் குறிகள் நெடுநாள் நீடித்து அன்றாட வாழ்வைப் பெரிதும் பாதிக்குமாயின் அவற்றைச் சட்டப்படி இயலாமையாகக் கருதலாம் என்றும், அப்போது முதலாளி தக்க மாற்றங்கள் செய்து தரவேண்டும் என்றும் விளக்கிற்று. மேலும், 25 ஆண்டு அனுபவமுடைய தாதியை இழந்தால் அவளுக்கு ஈடாக ஒருத்தியை நாளைக் காலையே வாங்கிவர எந்தக் கடையும் இல்லை. சிங்கப்பூர் அரசாங்கம் இதனை உணர்ந்தே, தகுதியுடைய பொதுத்துறைத் தாதியர் 20 ஆண்டுகளில் 1,00,000 வெள்ளி வரை பெறக்கூடிய திட்டமொன்றை 2024இல் அறிவித்தது. பணம் கொடுத்துத் தக்கவைக்க எண்ணுவது நல்லதே. பணத்தோடு உறங்க நேரமும் கொடுத்தாலன்றி உடல் தங்காது.

நமது வீட்டு வாசலுக்கும் சற்று வருவோம். ஆஸ்பத்திரியை மட்டும் குறைகூறிவிட்டு நாம் நல்லவராகிவிட முடியாது. இரவு முறை முடித்துக் காலையில் வீடு திரும்பும் மனைவி, பையைக் கீழே வைப்பதற்குள் அடுப்பை மூட்டவேண்டும் என்று எதிர்பார்க்கும் கணவன்மார் நம்மிடையே இல்லையா? பகலில் அவள் கண்ணயரும்போது வானொலியை முழக்குவோரும், "பகலிலே பெண்பிள்ளைக்கு என்ன தூக்கம்?" என்று முணுமுணுக்கும் மாமியாரும் இல்லையா? மாதவிடாயைத் தீட்டென்று ஒதுக்கி, அது நின்றபின் பெண்ணின் காலமே முடிந்ததென்று சொல்லும் மூடவழக்கம் நம்மை விட்டுப் போய்விட்டதா? நோயாளியின் மலசலத்தை முகஞ்சுளிக்காமல் துடைப்பவள், தன் உடலில் நிகழும் இயற்கையான மாறுதலைத் தன் வீட்டாரிடம் சொல்லக் கூசுகின்றாள். அவளைக் கூச வைத்தவர்கள் நாமே.

தாதியராகிய சகோதரிகளுக்கும் ஒரு சொல். பிறர் உடலைப் பற்றி எல்லாம் கற்ற நீங்கள், உங்கள் உடலைக் கடைசியில் வைக்கலாகாது. 2002இல் அமெரிக்காவில் ஹார்மோன் மருந்து பற்றிய பெரியதோர் ஆராய்ச்சியின் ஒரு பகுதி, மார்பகப் புற்றுநோய் முதலிய அபாயங்கள் கண்டு இடையில் நிறுத்தப்பட்டது. அன்று பிடித்த அச்சம் இன்னும் பலரை விடவில்லை. அவ்வாராய்ச்சியிற் பங்குகொண்ட பெண்களின் சராசரி வயது 63 என்பதைப் பலர் அறியார். 60 வயதுக்குட்பட்டு, அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுக்குள் இருந்து, கடுமையாகத் துன்புறும் உடல்நலமுள்ள பெண்களிற் பெரும்பாலோர்க்கு அதன் நன்மை தீமையினும் மிகுதி என்பதே இன்றைய வைத்திய வழிகாட்டிகளின் முடிவு. மார்பகப் புற்றுநோய் கண்டவர் முதலிய சிலருக்கு அது ஆகாது. அவர்களுக்கு ஹார்மோன் அல்லாத மருந்துகளும் உண்டு. எதுவாயினும் வைத்தியருடன் கலந்து முடிவு செய்க. களைப்பெல்லாம் வயதென்று தள்ளாது, இரத்தச் சோகையும் தைராய்டுக் கோளாறும் உண்டா என்று சோதித்துக்கொள்க. மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் மீண்டும் இரத்தம் கண்டால் ஒருநாளும் தாமதியாது வைத்தியரைக் காண்க.

முடிவாக நாம் வேண்டுவன இவை. ஒரு தாதிக்கு இத்தனை நோயாளிகள் என்ற வரம்பு சட்டத்தில் வேண்டும். முறைக்கு முறை 12 மணி ஓய்வு ஏட்டளவில் நில்லாது நடைமுறையில் வேண்டும். இப்பருவத்தில் துன்புறும் தாதி இரவு முறையிலிருந்து சில காலம் விலக்குக் கேட்டால், அவளது பதவிக்கும் சம்பளத்துக்கும் ஊறின்றி அது கிடைக்க வேண்டும். காற்றோட்டமுள்ள ஓய்வறையும், குடிநீரும், பருத்தியிலான மாற்றுடையும் பெரிய செலவல்ல. தீபகற்ப மலேசியாவின் தனியார் துறையில் வேலை நேரத்தை மாற்றித் தருமாறு எழுத்தில் விண்ணப்பிக்கவும், 60 நாளுக்குள் எழுத்தில் விடை பெறவும் 2023 முதல் உரிமையுண்டு. சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 1 முதல் நடைமுறையிலுள்ள வழிகாட்டி நெறி, 2 மாதத்துக்குள் விடை தரவேண்டும் என்கின்றது. கேட்கும் உரிமை மட்டுமே இவை, பெறும் உரிமையல்ல. ஆயினும் கேளாதவருக்கு எதுவும் கிடைப்பதில்லை. தனித்தனியே கேட்டால் முணுமுணுப்பு. சங்கமாய்ச் சேர்ந்து கேட்டால் கோரிக்கை.

நமது சங்கங்களும் மாதர் பிரிவுகளும் கோலப்போட்டியும் சமையற்போட்டியும் நடத்தும் மண்டபங்களில் ஒருநாள் இப்பொருளைப் பேசட்டும். ஆண்களும் வந்து கேட்கட்டும். தாதியர் தினத்துக்குப் பூச்செண்டு வாங்கும் பணத்தில் வார்டுக்கு ஒரு தாதியைக் கூடுதலாக நியமிக்க முடியாது என்பது நமக்குத் தெரியும். ஆனால் அவ்வொருத்தியைக் கேட்டுப் பெறுவதற்கு வாய் திறக்கலாமன்றோ? நமது தாய் தந்தையரும், நாளை நாமும், ஒரு படுக்கையில் கிடந்து நள்ளிரவில் மணியை அழுத்துவோம். ஓடிவரும் கால்கள் தளராதிருக்க வேண்டுமானால், அக்கால்களுக்குரியவளின் துன்பத்தை இன்றே கேட்போமாக.